குழந்தை தூங்குகிறது, எனக்குத்தான் தூக்கம் இல்லை

மனநல மருத்துவர் பதில்கள்

பிரசவத்துக்குப் பிறகு வரும் அழுகையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: "எனக்கு அழுகை இல்லை டாக்டர், பயம்தான்." ஆகவே இந்த முறை முழுக்கப் பயத்துக்கு. கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது. சிலருக்கு அதுவும் வேண்டாம் என்றார்கள்.

*

எனக்கு 26 வயது. தலைப்பிரசவம், சுகப்பிரசவம். குழந்தைக்கு 40 நாள் ஆகிறது, அம்மா வீட்டில் இருக்கிறேன். குழந்தை நன்றாகத் தூங்குகிறாள். நான்தான் தூங்குவதில்லை. மூச்சு வருகிறதா என்று செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். மூக்கின் கீழே விரல் வைக்கிறேன். சில சமயம் மூச்சு நின்றுவிட்டது போலத் தெரிகிறது, உடனே உலுக்கி எழுப்பிவிடுகிறேன். அம்மா திட்டுகிறார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா?
— ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

முதலில் குழந்தையின் மூச்சைப் பற்றிப் பேசிவிடுவோம். அது தெளிவானால்தான் நான் சொல்லும் மற்றது உங்கள் காதில் ஏறும்.

பிறந்த குழந்தை நம்மைப் போலச் சீராக மூச்சு விடாது. நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை விடும். தூக்கத்தில் நாலைந்து மூச்சு வேகவேகமாக வரும், அப்புறம் ஐந்து, ஏழு விநாடி சும்மா இருக்கும், மறுபடி தானாகத் தொடங்கும். முதல் சில மாதங்களுக்கு இது சகஜம். டார்ச் வெளிச்சத்தில் நீங்கள் பார்த்த "நின்றுபோன மூச்சு" பெரும்பாலும் இதுதான். மூச்சு 20 விநாடிக்கு மேல் நின்றாலோ, உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டி இரைத்தாலோ, பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ, அது வேறு. அப்போது யோசிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மற்றபடி, குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். தட்டையான, அமுங்காத படுக்கை போதும். தலையணை, தடித்த போர்வை, பக்கத்தில் பொம்மை எதுவும் வேண்டாம். கடுகுத் தலையணையும் வேண்டாம். பகலில் கண்ணெதிரே கொஞ்ச நேரம் தூளியில் ஆடட்டும், இரவு முழுக்கத் தூளியில் விடாதீர்கள். ஆபத்தைக் குறைக்க ஒரு தாய் செய்ய வேண்டியது இவ்வளவுதான். விரல் வைத்துப் பார்ப்பது இந்தக் கணக்கில் வராது.

இப்போது உங்களைப் பற்றி. உங்களுக்குப் பைத்தியம் இல்லை. ஆனால் "எல்லா அம்மாவும் இப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும்" என்றும் நான் சொல்ல மாட்டேன். பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் வாக்கில் பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு அழுகையும் படபடப்பும் வருவது உண்டு. இரண்டு வாரத்துக்குள் அது தானாக வடிந்துவிடும். உங்களுக்கு 40 நாள் ஆகிறது, குழந்தை தூங்கும்போதும் உங்களால் தூங்க முடியவில்லை. என்னிடம் வரும் பெண்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். குழந்தை அழுவதால் தூக்கம் கெடுவது எல்லா வீட்டிலும் நடப்பது. குழந்தையை வேறு ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதும், உடம்பு அடித்துப் போட்டது போல இருந்தும் கண் மூட முடியவில்லை என்றால் அது சிகிச்சை தேவைப்படும் பதற்றம்.

மூச்சைச் சரிபார்ப்பது சிரங்கைச் சொறிவது மாதிரி. சொறியும்போது சுகமாக இருக்கும், அடுத்த நிமிடமே முன்னைவிட அதிகமாக அரிக்கும். விரல் வைத்துப் பார்த்ததும் ஒரு நிம்மதி வருகிறது அல்லவா? "நான் பார்த்ததால்தான் குழந்தை நன்றாக இருக்கிறது" என்று உங்கள் மூளை கற்றுக்கொள்வது அந்த நிம்மதியிலிருந்துதான். அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பார்க்கச் சொல்லும். இதை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் யாராலும் முடியாது. பால் கொடுக்க எழும்போது ஒருமுறை, வெறும் கண்ணால், டார்ச் இல்லாமல், தொடாமல் பாருங்கள். இடையில் கை பரபரக்கும். கொஞ்ச நேரம் தாங்கிக்கொண்டால் அந்தப் பரபரப்பு உச்சிக்குப் போய்த் தானாக இறங்கும். அது இறங்குவதை நீங்களே சில தடவை பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். திட்டுவதற்குப் பதில் அவர் ஒரு வேலை செய்யட்டும். இரவு ஒன்பதரை மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். செல்போன் அம்மாவிடம் இருக்கட்டும். இரண்டு மணி வரை குழந்தை அவர் பொறுப்பு. நடுவில் பசித்தால், முன்பே பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்த பாலை வெதுவெதுப்பாக்கிப் பாலாடையில் புகட்டலாம். நான்கு, ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்குவது இந்த நோய்க்கு அரை மருந்து. பகலில் இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று துண்டு துண்டாகத் தூங்குவது அதற்கு ஈடாகாது.

இரண்டு ரத்தப் பரிசோதனைகள் செய்துவிடுங்கள்: ஹீமோகுளோபின், டிஎஸ்எச். பிரசவத்துக்குப் பிறகு நூறு பெண்களில் ஏறத்தாழ ஐந்து பேருக்குத் தைராய்டு சுரப்பி அழற்சி கண்டு தாறுமாறாக வேலை செய்யும். முதல் சில மாதங்களில் அதிகமாகச் சுரந்து நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். அதை மனப்பதற்றம் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. ரத்தசோகையும் படபடப்பைக் கொண்டுவரும். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பிரசவத்தில் ரத்தம் இழந்தவர்களைக் கேட்கவே வேண்டாம்.

மருத்துவரிடம் போனால் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லலாம். 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவான எடின்பரோ அளவுகோல் அது, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாள்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். மொத்த மதிப்பெண் 30, பொதுவாக 13-ஐத் தொட்டால் உஷாராவோம். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. பத்தில் பெரும்பாலானவை சோகத்தைப் பற்றியவை. காரணமில்லாத கவலை, திடீர்ப் பீதி, தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வது என்று பயத்தின் பக்கம் சாய்ந்த கேள்விகள் மூன்றுதான். உங்களைப் போலச் சிரித்துப் பேசிக்கொண்டே உள்ளே நடுங்குகிறவர்கள் எட்டு, ஒன்பது வாங்கித் தப்பிவிடுவார்கள். மதிப்பெண் குறைவு என்று யாராவது அனுப்பி வைத்தால், "நான் தூங்கவில்லை, இரவெல்லாம் மூச்சைப் பார்க்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

*

என் மனைவிக்குப் பிரசவமாகிப் பத்து நாள் ஆகிறது. நான்கு நாளாகக் கண் மூடவில்லை, ஆனால் களைப்பும் தெரியவில்லை. ஓயாமல் பேசுகிறாள். இது நம் குழந்தை இல்லை, ஆஸ்பத்திரியில் மாற்றிவிட்டார்கள் என்கிறாள். என் அம்மா பாலில் ஏதோ கலப்பதாகச் சொல்கிறாள். ஊரில் தாயத்துக் கட்டச் சொல்கிறார்கள்.
— ஒரு கணவர், ஓசூர்

இந்தக் கடிதம் வந்த அன்றே இவருடைய எண்ணுக்கு அழைத்துப் பேசிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்காக இங்கே எழுதுகிறேன். இது பதற்றம் அல்ல, பிரசவத்தை ஒட்டி வரும் தீவிர மனநோய். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். வலிப்பு, ரத்தப்போக்கு மாதிரி இதுவும் அவசரம்தான். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். 108-ஐ அழையுங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இன்றே கொண்டுபோங்கள். அதுவரை தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விட வேண்டாம். அவர் சொல்வது தப்பு என்று வாதாடவும் வேண்டாம்.

"உள்ளே சேர்த்தால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களே" என்று பயந்தே பல குடும்பங்கள் தயங்குகின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து இருந்தால் மட்டும் தற்காலிகமாகத் தள்ளி வைப்பார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கிச் சிகிச்சை பெறத் தனி வார்டு இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். சரியான மருந்து கிடைத்தால் இந்தப் பெண்கள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். தாயத்தை அப்புறம் கட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. முதலில் வண்டி ஏறுங்கள்.

*

ஊரும் பேரும் வேண்டாம். மூன்று மாதக் கைக்குழந்தை. அரிவாள்மணையில் காய் நறுக்கும்போது, இதில் குழந்தையின் கழுத்தை வைத்துவிடுவேனோ என்று ஒரு எண்ணம் வந்தது. அன்றிலிருந்து நிற்கவில்லை. மூன்றாவது மாடி பால்கனியில் துணி உலர்த்தப் போனால் தூக்கிப் போட்டுவிடுவேனோ என்று தோன்றுகிறது. குளிப்பாட்டும்போது தண்ணீருக்குள் அழுத்துவது போலக் காட்சி வருகிறது. அரிவாள்மணையைப் பரணில் ஏற்றிவிட்டேன். பால்கனிக் கதவைப் பூட்டிவிட்டேன். எண்ணம் வரும்போதெல்லாம் 'முருகா மன்னிச்சிடு' என்று 108 தடவை சொல்கிறேன், நடுவில் தப்பினால் முதலிலிருந்து. கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார்கள். நான் கொலைகாரியா?

இல்லை.

உங்கள் கடிதத்தைப் போன்ற ஒன்றை எழுதி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, என் அறையில் பேச்சு வராமல் உட்கார்ந்திருந்த பெண்கள் நிறையப் பேர். சிலர் தாளை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். படித்து முடித்து "சரிம்மா, இது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான்" என்று நான் சொன்னதும் வரும் அழுகை இருக்கிறதே, அதற்காகவே மேசையில் ஒரு டிஷ்யூ டப்பா வைத்திருக்கிறேன்.

குழந்தைக்கு ஏதாவது விபத்து நேர்ந்துவிடுமோ என்ற எண்ணம் ஏறக்குறைய எல்லாப் புதுத் தாய்மார்களுக்கும் வருகிறது. தானே குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவது போன்ற எண்ணம், கேட்டுப் பார்த்தால், கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு எப்போதாவது வந்திருக்கிறது. கனடாவில் தாய்மார்களிடம் நேரடியாகக் கேட்டு நடத்திய ஆய்வு காட்டியது இது. நம்மூரில் யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் சொல்வதில்லை. பெரும்பாலானவர்களுக்கு "சீ, என்ன இது" என்று ஒரு கணம் தோன்றி மறைந்துவிடும். உங்களைப் போன்ற சிலர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு "ஏன் வந்தது? நான் யார்?" என்று விசாரணை நடத்துவார்கள். விசாரிக்க விசாரிக்க அது மறுபடி மறுபடி வரும். எண்ண சுழற்சி நோயின் ஒரு வடிவம் இது. பிரசவத்தை ஒட்டித் தலைதூக்குவதும், ஏற்கெனவே இருந்தால் கூடுவதும் நாங்கள் அடிக்கடி பார்ப்பது.

ஓசூர்க் கடிதத்துக்கும் உங்கள் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்குத் தன் எண்ணத்தின் மீது சந்தேகமே இல்லை, அது உண்மை என்று நம்புகிறார். உங்களுக்கோ அந்த எண்ணம் அருவருப்பாக இருக்கிறது, அதைத் தடுக்க வீட்டையே பூட்டி வைத்திருக்கிறீர்கள். இந்த வகை எண்ணத்தால் தவிக்கும் பெண்கள் அதைச் செய்துவிடுவதில்லை. குழந்தையைத் தொடவே பயந்து ஒதுங்குவதுதான் அவர்களுக்கு நேரும் கஷ்டம். ஆனால் ஒன்று. என்றைக்காவது அந்த எண்ணம் சரி என்று தோன்றினாலோ, காதில் குரல் கேட்டு உத்தரவிட்டாலோ, குழந்தையை இந்த உலகத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்பது போன்ற நினைப்பு வந்தாலோ, செத்துவிடலாம் என்று தோன்றினாலோ அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது அந்த 108. நீங்கள் முருகனைக் கும்பிடுவதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் எண்ணி எண்ணிச் சொல்வதும், தப்பினால் முதலிலிருந்து ஆரம்பிப்பதும் பக்தி அல்ல, நோய் கேட்கும் கப்பம். போடிக்காரப் பெண்ணின் டார்ச்சும் உங்கள் 108-ம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பரணில் ஏறிய அரிவாள்மணையும் அப்படித்தான். பரணில் அது இருக்கும்வரை, "அது கீழே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ" என்ற பயமும் கூடவே இருக்கும்.

சிகிச்சையில் நாங்கள் செய்வது மெதுவாக எதிர்த்திசையில் நடப்பது. முதல் வாரம் அரிவாள்மணை பரணிலிருந்து சமையல் மேடைக்கு இறங்கும். அப்புறம் குழந்தை அடுத்த அறையில் இருக்கும்போது ஒரு கத்தரிக்காய் நறுக்குவீர்கள். பிறகு குழந்தை அதே அறையின் மறுகோடியில் பாயில். எண்ணம் வரும். வரட்டும். 'முருகா' சொல்லாமல், "சரி, வந்துட்டியா" என்று விட்டுவிட்டுக் காயை நறுக்குவீர்கள். படபடப்பு ஏறும், நிற்கும், இறங்கும். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் இதே படிகளில்தான். இதை நீங்களாகத் தொடங்க வேண்டாம், சிகிச்சை உளவியலாளர் ஒருவர் கூடவே இருந்து செய்ய வைப்பார். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு, அதைப் பற்றித் திருச்சி வாசகிக்குக் கீழே எழுதியிருக்கிறேன். சில மாதங்களில் நல்ல மாற்றம் தெரியும்.

குழந்தையை வாங்கிக்கொள்வார்களா? இப்படிப்பட்ட எண்ணத்தைச் சொன்னதற்காக எந்த மனநல மருத்துவரும் குழந்தையைப் பிரிக்க மாட்டார். சொல்ல வாய் வரவில்லை என்றால், எனக்கு எழுதிய இதே கடிதத்தைப் படி எடுத்துக் கொண்டுபோய் நீட்டுங்கள். கணவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள், மருத்துவரே விளக்குவார். இன்று இரவே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416. அரசின் டெலி மானஸ் எண் அது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

*

நான் ஐந்து பெற்றவள். என் மாமியார் ஒன்பது. பயம், பதற்றம் என்று நாங்கள் யாரும் டாக்டரிடம் போனதில்லை. என் மருமகள் பிரசவமாகி இரண்டு மாதமாக எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாள். எல்லாம் அந்த செல்போன் செய்யும் வேலை. தண்ணீர் வேறு அடிக்கடி கேட்கிறாள், பச்சை உடம்புக்குக் கொடுக்கலாமா?
— ஒரு மாமியார், கும்பகோணம்

செல்போன் விஷயத்தில் நான் உங்கள் கட்சி, அம்மா. குழந்தை வளர்ப்பு பற்றி ராத்திரி ஒரு மணிக்கு வரும் அந்த அரை நிமிட வீடியோக்களை எழுபது சதவீதம் பயமுறுத்துவதற்கென்றே எடுக்கிறார்கள் என்பது என் சொந்தக் கணிப்பு. ஒரு பயத்தைத் தேடிப் போனால் பத்துப் பயத்தோடு திரும்பி வரலாம்.

ஆனால் உங்கள் காலத்தில் இது இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்போதும் இருந்தது. "காத்துக் கருப்பு பட்டிருச்சு" என்று கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். "பிள்ளை பெத்ததிலேர்ந்து அவ ஒரு மாதிரி" என்று ஒதுக்கினார்கள். உங்கள் தெருவிலேயே அப்படி ஒரு அத்தையோ சித்தியோ இருந்திருப்பார், யோசித்துப் பாருங்கள். இன்னொன்று, உங்கள் பிள்ளைகளை எத்தனை பேர் தூக்கினார்கள்? நாத்தனார், ஓரகத்தி, பக்கத்து வீட்டுப் பாட்டி, வேலைக்காரம்மா. உங்கள் மருமகளுக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள் ஒருவர்தான். அந்த ஒருவரும் "நான் ஐந்து பெற்றவள்" என்று ஆரம்பித்தால் அவள் எங்கே போவாள்?

தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுக்கத்தான் செய்யும். தண்ணீரை நிறுத்தினால் மலச்சிக்கல், தலைவலி, தலைச்சுற்றல் வரும். வயிறு பெருக்கும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பதெல்லாம் உண்மையில்லை. பத்தியச் சாப்பாட்டில் பூண்டுக்குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை எல்லாம் அருமை, நிறுத்தாதீர்கள். ஆனால் காய் வேண்டாம், பழம் வேண்டாம், பருப்பு வேண்டாம் என்று பட்டினி போடாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி வாசலில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் "பிள்ளை ஏன் இளைச்சிருக்கு, பால் பத்தலையா?" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உங்கள் மருமகள் அதை ஒரு வாரம் சுமக்கிறாள். ஐந்து பெற்ற வாய்க்கு அவர்களை அடக்கத் தெரியாதா என்ன?

*

அரசுப் பள்ளி ஆசிரியை நான். பிரசவத்துக்குப் பின் வந்த பதற்றத்துக்கு மருத்துவர் செர்ட்ராலின் மாத்திரை எழுதித் தந்தார். பாலில் இறங்கிக் குழந்தைக்கு மூளை பாதிக்கும் என்று அக்கா சொன்னதால் ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டேன். நிறுத்தியதிலிருந்து முன்னைவிட மோசம்.
— ஒரு வாசகி, திருச்சி

பால் கொடுக்கும் தாய்க்கு இந்த வகை மாத்திரை தேவைப்பட்டால் பெரும்பாலும் நாங்கள் முதலில் எடுப்பது செர்ட்ராலினைத்தான். காரணம், அது தாய்ப்பாலில் மிகமிகக் குறைவாகவே இறங்குகிறது. குழந்தையின் ரத்தத்தைச் சோதித்தால் பல சமயம் கண்டுபிடிக்கவே முடிவதில்லை. குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ, எடை குறைவாக இருந்தாலோ மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், கூடுதலாகக் கவனிப்பார்.

ஐந்து நாளில் இது வேலை செய்யாது. முதல் வாரத்தில் குமட்டலும், சிலருக்குப் படபடப்பு கொஞ்சம் கூடுவதும் உண்டு. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நீங்கள் கசப்பை மட்டும் அனுபவித்துவிட்டு இனிப்பு வருவதற்கு முன் எழுந்து வந்துவிட்டீர்கள். மருத்துவரிடம் திரும்பப் போய் நடந்ததைச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு மருத்துவரைப் பாருங்கள். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வோம், நிறுத்தும்போது படிப்படியாகக் குறைப்போம்.

மருந்துக்கடையில் "தூக்கத்துக்கு ஒரு மாத்திரை" என்று கேட்டு வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். அந்த வகை மாத்திரைகள் சில, பால் வழியாகக் குழந்தையை மந்தமாக்கலாம். மாத்திரை மயக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் குழந்தையின் மேல் நீங்கள் புரண்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. அக்காவின் மீது வருத்தம் வேண்டாம், நல்லெண்ணத்தில் சொன்னார். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள்.

*

பால் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தினமும் எடை பார்க்கிறேன். ஆப்பில் குறித்தும் வைக்கிறேன்.
— ஒரு வாசகி, நாகர்கோவில்

முதல் வாரம் தாண்டிய குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் பால் போதுகிறது. பிறந்த சில நாளில் கொஞ்சம் எடை குறைவதும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புவதும் இயல்பு. தடுப்பூசி போடப் போகும்போது எடை பார்த்தால் போதும். ஆப்பை அழித்துவிடுங்கள்.

*

நான் ஆண். கேட்கலாமா என்று தெரியவில்லை. மகன் பிறந்து நான்கு மாதம். வேலையில் இருக்கும்போது திடீரென்று நெஞ்சு அடைக்கிறது, வீட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது போல. இசிஜி எடுத்துப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்கிறார்கள்.
— ஒரு வாசகர், திருப்பூர்

தாராளமாகக் கேட்கலாம். குழந்தை பிறந்த முதல் வருடத்தில் தந்தையரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, கூடவே பதற்றமும் வரும். பிரசவச் செலவுக் கடன், தூக்கமின்மை, மனைவி படும் பாட்டைப் பார்த்துக் கையைப் பிசைவது எல்லாம் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். இதயம் சரியாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது அல்லவா, இனி மனநலப் பிரிவுக்குப் போங்கள். ஷிஃப்ட் முடிந்து குடிப்பது இதற்கு மருந்தாகாது, மறுநாள் படபடப்பைக் கூட்டத்தான் செய்யும். நீங்கள் குடிப்பதாக எழுதவில்லை, நானாகச் சொல்கிறேன். இரவு பத்து முதல் இரண்டு வரை குழந்தையை வாரத்தில் சில நாள் நீங்கள் பார்த்துக்கொண்டால் உங்கள் மனைவிக்கும் நல்லது.

*

முதல் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் பயத்தில் நரகம் அனுபவித்தேன். மாத்திரை சாப்பிட்டுச் சரியானது. இப்போது இரண்டாவது, நான்காம் மாதம். மறுபடி வருமா?
— ஒரு வாசகி, விழுப்புரம்

வர வாய்ப்பு உண்டு, மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. கர்ப்பத்திலேயே தொடங்குவதும் உண்டு. ஆனால் முதல் தடவை என்ன நடக்கிறது என்றே தெரியாமல் மாட்டிக்கொண்டீர்கள், இந்தத் தடவை ஐந்து மாதம் கையில் இருக்கிறது.

மாத்திரை இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கர்ப்பம் என்பதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம், மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். கிராம சுகாதாரச் செவிலியர் உங்கள் வீட்டுக்கு வரும்போது ரத்த அழுத்தம், எடையோடு இதையும் சொல்லுங்கள், "போன தடவை எனக்கு இப்படி ஆனது" என்று. மனநல மருத்துவரைப் பார்க்கப் பிரசவத்துக்குப் பின் இரண்டாம் வாரத்துக்கு ஒரு தேதி, ஆறாம் வாரத்துக்கு ஒரு தேதி இப்போதே வாங்கி வையுங்கள். நன்றாக இருந்தாலும் போய்விட்டு வாருங்கள்.

வளைகாப்புக்கு என்ன புடவை என்று பேச உட்காரும்போது, ராத்திரி குழந்தையை யார் பார்ப்பது என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். உங்கள் அம்மாவா, கணவரா, எந்தெந்த நாள் யார் என்று. மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது யார் என்பதும் அதில் வரட்டும். முதல் தடவை உங்களுக்கு எது முதலில் தொடங்கியது? தூக்கம் போனதா, சாப்பாடு இறங்கவில்லையா, கதவைப் பூட்டிப் பூட்டிப் பார்த்தீர்களா? அதை ஒரு தாளில் எழுதிக் கணவரிடம் கொடுங்கள். அதில் இரண்டு அறிகுறிகள் ஒரு வாரம் தொடர்ந்து தெரிந்தால், உங்களைக் கேட்காமலேயே அவர் மருத்துவரை அழைக்கலாம் என்று இப்போதே அனுமதியும் கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வீர்கள்.